ஒரு மீட்டிங், ஏழு பேர், ஒரே மெர்சி

மெர்சி தான் கொண்டுவந்த கட்டைப்பையை என் சோபாவில் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு வாட்ச்மேன் தொப்பி, ஒரு காது உடைந்த ஹெட்போன், ஒரு மஃப்ளர், ஒரு நீள நோட்டு, ஒரு வெள்ளைத் துண்டு என்று வரிசையாக விழுந்தன. கடைசியாகப் பூப்போட்ட துப்பட்டா ஒன்று.

"இந்தத் துப்பட்டா யாருக்கு?" என்று கேட்டேன்.

"அது சும்மா ஒரு ஆன்ட்டிக்கு, ஆன்ட்டி. நைட்டி மேல போட்டுக்குவாங்க இல்ல, அந்த மாதிரி."

அவள் அதைச் சொன்னபோது நான் நைட்டிக்கு மேல் பூப்போட்ட துப்பட்டா போட்டுக்கொண்டுதான் நின்றிருந்தேன். இரண்டு பேரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டோம். அன்றைய ஒத்திகையில் உருப்படியான நடிப்பு அது ஒன்றுதான்.

நாங்கள் இருப்பது மாடம்பாக்கத்தில், பதினாறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நான் பி-2. சொந்த வீடு. மெர்சி சி-6, மூன்றாவது மாடி, வாடகை வீடு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காலேஜில் பி.காம் இரண்டாம் வருஷம். அவள் அப்பா சாலமன் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் கிளார்க். தேய்த்த சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்கி நமக்கு வழிவிடுவார். எனக்கு அப்போது அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

மெர்சி ஒரு தனியாள் நாடகம் எழுதி வைத்திருந்தாள். எங்கள் அசோசியேஷன் மீட்டிங்தான் கதை. ஏழு பாத்திரங்கள், ஏழிலும் அவளே. டிபார்ட்மென்ட் விழாவில் ஒருமுறை போட்டாயிற்று. இப்போது காலேஜ் டேவில் மறுபடி ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள்.

"பிரைஸ் எதுவும் வேணாம் ஆன்ட்டி. எங்கப்பா கடைசி வரைக்கும் உக்காந்து பாக்கணும். அவ்ளோதான்."

போன தடவை சாலமன் பாதியில் எழுந்து போய்விட்டாராம். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "ட்ரெயின் போயிடும்னு கிளம்பிட்டேம்மா" என்றாராம். கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கத்துக்கு எந்த ட்ரெயின் போகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வாய் மட்டும் என்னுடையது

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். நான் டப்பிங் கலைஞர். வடக்கிலிருந்து வந்து தமிழ் பேசும் சீரியல்களில் மாமியார் மருமகளைத் திட்டினால், பாதி மாமியார்களுக்கு வாய் என்னுடையது. என் முகத்தை ஒருவருக்கும் தெரியாது. ஆனால் என் குரலைக் கேட்டுப் பல வீடுகளில் மருமகள்கள் பல்லைக் கடித்திருக்கிறார்கள்.

டப்பிங்கில் முதல் பாடம், ஆடாமல் நிற்பது. வளையலைக் கழற்ற வேண்டும். கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டக் கூடாது, சரசரப்பு மைக்கில் ஏறிவிடும். படத்தில் அந்த அம்மாள் தட்டை விட்டெறிவாள், மருமகளின் முடியைப் பிடித்து இழுப்பாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே அத்தனை ஆத்திரத்தையும் தொண்டை வழியாக அனுப்ப வேண்டும். இருபது வருஷமாக இதையே செய்து பழகியவளிடம் ஒரு பெண் நடிப்பு கற்க வந்தால் என்ன ஆகும்? ஆனது.

"முதல்ல இந்தக் குப்பையெல்லாம் பையில போடு" என்றேன். "குரல் மாறினா ஆள் மாறிட்டான். தொப்பி எதுக்கு, துப்பட்டா எதுக்கு?"

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவளை ஹாலில் நிற்க வைத்துக் குரல் குரலாக ஏற்றினேன். செகரட்டரி ரங்கநாதனுக்கு மூக்கும் தொண்டையும் கலந்த குரல். அவர் மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் ஊருக்கெல்லாம் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் "மினிட்ஸ்ல ஏத்திக்கலாம்" என்பார். வாட்ச்மேனுக்கு அனகாபுத்தூர்க் கரகரப்பு: "இன்னா சார், காலைலேந்து மோட்டார் போட்டுக்கினேதான் கீறேன். தண்ணி வர்லேன்னா நான் இன்னா பண்றது?" ஐடி வேலை பார்க்கும் ஒரு பையன், ட்ரெஷரர், மஃப்ளர் மாமா, எல்லோருக்கும் ஆளுக்கொரு குரல். துப்பட்டா ஆன்ட்டிக்கு மட்டும் அவள் என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. அதை அவளே ரொம்ப நன்றாகச் செய்தாள்.

நான்காவது ஞாயிறு என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுதாகப் பார்த்தார்.

"எப்படி?" என்றேன்.

"கண்ணை மூடிக் கேட்டேன், பிரமாதம். கண்ணைத் தொறந்தேன், பொண்ணுக்கு வயித்து வலி போல இருக்கு."

தாடி வைத்த மேய்ப்பன்

அந்தக் கேலி எனக்கு உறைக்கக் காரணம் உண்டு. பல ரோல் என்றாலே எனக்கு ஒரு பழைய காயம்.

நான் படித்தது தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். ஆறாவதோ ஏழாவதோ. கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வகுப்பில் பாதிப்பேருக்கு அம்மை போட்டுவிட்டது. மிச்சமிருந்த நான் மேய்ப்பன், சத்திரக்காரன், கிழக்கிலிருந்து வந்த ஞானி என்று மூன்று வேஷமும் கட்ட வேண்டியதாயிற்று.

சத்திரக்காரனாக "இடமில்லை" என்று கதவைச் சாத்தினேன். திரைக்குப் பின்னால் ஓடி மேய்ப்பன் துண்டைக் கட்டினேன். மறுபடி ஓடி ஞானியின் தாடியை ஒட்டினேன். தாடி இருந்தது, மேய்ப்பன் துண்டை அவிழ்க்க மறந்துவிட்டேன். கையில் ஞானி கொண்டுவரும் வெள்ளைப்போள வாசனைப் பெட்டிக்குப் பதில் அட்டையில் செய்த ஆட்டுக்குட்டி. குழந்தையின் முன் மண்டியிட்டு, "இதோ, என் காணிக்கை" என்று ஆட்டை நீட்டினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாஸ்டர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் மேடை ஏறவில்லை. முகம் தெரியாத வேலையாகப் பார்த்துக்கொண்டதற்கு அந்தத் தாடிதான் காரணம் என்று டாக்டர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். பொருளை நம்பி ஏமாந்தவள், மெர்சிக்குப் பொருளே வேண்டாமென்று சொன்னேன். இப்போது குரலை நம்பியும் ஏமாந்தாயிற்று.

சேர் போடுவது யார்

"சரி, அசையலாம்" என்று மெர்சிக்கு அனுமதி கொடுத்தேன். ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.

அசைய ஆரம்பித்ததும் அடுத்த சிக்கல். தனியாள் நாடகத்தில் ஒருவர் பேசுவது கஷ்டமில்லை. ஒருவர் இன்னொருவராக மாறும் அந்த இரண்டு நொடிதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ரங்கநாதன் முடிந்து வாட்ச்மேன் வருவதற்குள் மேடையில் வெறும் மெர்சி நிற்பாள். அவள் முகத்தில் "அடுத்து யாரு?" என்பது பெரிய எழுத்தில் தெரியும்.

ஒருநாள் எரிச்சலில் அவள் என் வீட்டு பிளாஸ்டிக் சேரைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள். அதில் உட்கார்ந்து ட்ரெஷரராகப் பேசினாள். எழுந்தாள், அதே சேரை இரண்டு கையாலும் தூக்கி இந்தப் பக்கம் போட்டாள். தூக்கும்போது முதுகு கொஞ்சம் வளைந்தது, கண் தரையில் இருந்தது. போட்டுவிட்டு, சேரின் உட்காரும் இடத்தை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டித் துடைத்தாள்.

"அது யாரு?" என்றேன்.

"எது?"

"இப்ப சேர் தூக்குன ஆளு. உன் ஏழு பேர்ல அப்படி யாரும் இல்லையே."

"எங்கப்பா ஆன்ட்டி. மீட்டிங்ல அவர்தானே சேர் போடுவாரு."

நான் பதினொரு வருஷமாக அந்த மீட்டிங்குக்குப் போகிறேன். கீழே கார் பார்க்கிங்கில், ஞாயிறு பத்து மணி என்று போட்டுப் பத்தே முக்காலுக்கு ஆரம்பிப்பார்கள். வாட்ஸ்அப் அறிவிப்பில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: 'வாடகைக்கு இருப்போர் வரலாம், கருத்து தெரிவிக்க வேண்டாம்.' நான் போகும்போது சேர்கள் வரிசையாக இருக்கும். வாட்ச்மேன் போட்டிருப்பான் என்று நினைத்திருக்கிறேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் எதுவும் நினைத்ததில்லை. உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

"அப்ப உன் ஏழு பேர்ல உங்கப்பா யாரு?" என்று கேட்டேன்.

"அந்த வெள்ளைத் துண்டுக்காரர்தான். எல்லாத்துக்கும் 'சரிங்க சார், சரிங்க சார்'னு தலையாட்டுவாரே. போன தடவ அதுக்குத்தான் பயங்கர கிளாப்ஸ்." சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. ட்ரெயின் எதுவும் இல்லை என்பது அந்த நொடியில் எங்கள் இருவருக்கும் புரிந்தது.

'சரிங்க சார்' ஆளைத் தூக்கிவிட்டோம். அதற்குப் பதில், ஒவ்வொரு பாத்திரம் மாறும்போதும் சாலமன் வந்து அடுத்தவருக்குச் சேர் போட்டுவிட்டுப் போவார். பேச மாட்டார். ஆறு பேர் பேசுவார்கள், ஏழாவது ஆள் தூக்குவார். நாடகம் ஒரே வாரத்தில் எங்கேயோ போய்விட்டது. ஒட்டுப்போட்ட இடமெல்லாம் மறைந்தது. நான் என்னை ஒரு பெரிய டைரக்டராக நினைத்துக்கொண்டு மெர்சிக்கு இரண்டு முட்டை பஜ்ஜி அதிகம் கொடுத்தேன்.

கதவருகே சாலமன்

ஒரு சாயங்காலம் ஒத்திகை முடிகிற நேரம் சாலமன் மகளைக் கூப்பிட வந்தார். உள்ளே வரவில்லை. செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. மெர்சி சேரைத் தூக்கித் திரும்பியபோதுதான் அப்பாவைப் பார்த்தாள். சேரோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்க சார்" என்றேன்.

"பரவால்ல மேடம்." பிறகு மகளைப் பார்த்து, "நல்லா இருக்கும்மா. போன தடவைக்கு இது பரவால்ல. ஆனா நான் பேசாமயே இருந்த மாதிரி காட்டுறியே. ஒரு தடவ பேசியிருக்கேன்" என்றார்.

"எப்பப்பா?"

"போர் இன்னும் ஆழமா போடணும்னு பேசுனாங்களே, அந்த மீட்டிங்ல. 'சார், போர்ல தண்ணி இருக்கு. மேல டேங்க்ல விரிசல். நான் ஏறிப் பாத்தேன்'னு சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கோடையில் எல்லோரும் சேர்ந்து பெரிய லாரியைக் கூட்டிவந்து, இரண்டு நாள் தெருவே அதிர, போரை ஆழப்படுத்தினோம். தண்ணீர் நன்றாக வந்தது. வந்து, மேலே போய், விரிசல் வழியாக சி பிளாக் சுவரில் இறங்கியது. அதற்குப் பிறகுதான் ரங்கநாதன் டேங்கைப் பார்க்க ஆள் அனுப்பினார். விரிசலைத் தானே கண்டுபிடித்ததாக மினிட்ஸிலும் ஏற்றிக்கொண்டார்.

"நீங்க சொன்னதுக்கு என்ன சொன்னாங்கப்பா?"

சாலமன் என் வீட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒருத்தங்க சொன்னாங்க. 'இன்னிக்கு இருப்பீங்க, நாளைக்குக் காலி பண்ணிட்டுப் போவீங்க. உங்களுக்கு எதுக்கு சார் டேங்க் கவலை?' அப்படின்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் மீட்டிங்குக்குப் போனா சும்மா நிக்க ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் சேர் போட ஆரம்பிச்சேன்."

"யார் சார் அப்படிச் சொன்னது? அந்த ரங்கநாதனா?" என்று நான் கொதித்தேன். மாமியார் குரலெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

"ஞாபகம் இல்ல மேடம்" என்றார் சாலமன்.

வாயில் உட்காராத வசனம்

அந்த வசனத்தை நாடகத்தில் சேர்த்தோம். சாலமன் ஒரே ஒரு தடவை வாயைத் திறப்பார், டேங்க் விரிசலைச் சொல்வார். ரங்கநாதன் அவரை மட்டம் தட்டுவார். இடம், நேரம் எல்லாம் கச்சிதம்.

ஆனால் நிற்கவில்லை. மெர்சி ரங்கநாதன் குரலில் எத்தனை முறை சொன்னாலும் அந்த வரி தனியாகத் தொங்கியது. எங்கள் தொழிலில் இதை வசனம் வாயில் உட்காரவில்லை என்போம். ரங்கநாதன் யாரையும் நேராகக் குத்த மாட்டார். 'சம்பந்தப்பட்ட நபர்' என்றுதான் ஆரம்பிப்பார். இது வேறு வாய். முதலில் இரண்டு வீச்சு, இருப்பீங்க, போவீங்க. பிறகு ஒரு சின்ன இடைவெளி. பிறகு இனிப்பாக ஒரு 'சார்'. குத்துவதற்கு முன் சார் போடும் ஆள்.

எத்தனை மாமியார்களுக்கு அப்படி ஒரு சார், ஒரு கண்ணு, ஒரு ராஜாத்தி சேர்த்துப் பேசியிருக்கிறேன்! எழுத்தாளர் எழுதாத இடத்தில்கூட நானே போட்டுக்கொள்வேன். ஸ்டூடியோவில் அதற்காகவே என்னைக் கூப்பிடுவார்கள்.

கார் பார்க்கிங் கண்முன் வந்தது. வெயில், மடியில் ஹேண்ட்பேக், அன்று மத்தியானம் ரெக்கார்டிங் இருந்த அவசரம். மீட்டிங் சீக்கிரம் முடியாதா என்ற எரிச்சல். பின்னாலிருந்து யாரோ டேங்க் என்றார். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். சிரித்தார்கள். சிரிக்க வைத்த சந்தோஷத்தோடு பஸ் ஏறினேன்.

வெட்கமாக இருந்தது. வேறு நல்ல வார்த்தை தேடிப் பிரயோஜனம் இல்லை.

"அது செகரட்டரி டயலாக் இல்ல, மெர்சி" என்றேன்.

"அப்ப யாரோடது?"

"பி-2."

மெர்சி தண்ணீர் பாட்டிலை மூடினாள். மறுபடி திறந்தாள். குடிக்கவில்லை. என்னைத் திட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன், போயிருந்தால் நியாயம்தான்.

"எப்படிச் சொன்னீங்கன்னு ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க ஆன்ட்டி" என்றாள்.

எந்த வசனத்தையும் ஒரே டேக்கில் முடிப்பவள் என்று எனக்குப் பெயர். சொன்னேன்.

"ரொம்ப பாவமா இருக்கு ஆன்ட்டி. இப்படிச் சொல்லியிருந்தா எங்கப்பா உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்திருப்பாரு."

இரண்டாவது டேக்கில் வேகம் கூடிப்போய் இடைவெளி விழவில்லை. மூன்றாவதில் சார் வரவில்லை. நான்காவதில் வந்தது. என் கணவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்து அவள் முறை. அவளோ மெதுவாக, மரியாதையாகச் சொன்னாள். என் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம்.

"திமிர் பத்தல" என்றேன். "நல்லா மூக்கைத் தூக்கிச் சொல்லு. உங்கப்பாவைத் திரும்பிப் பாக்காத. நான் பாக்கல."

அந்த வாரம் பூராவும் அதுதான் வேலை. ஒரு பெண்ணுக்கு அவள் அப்பாவை அவமானப்படுத்துவது எப்படி என்று வரி வரியாகக் கற்றுக்கொடுத்தேன்.

நடுவில் ஒருநாள் மன்னிப்புக் கேட்க மூன்று மாடி ஏறிப் போனேன். சாலமன் கதவைத் திறந்தார். "தண்ணி வருதா சார்?" என்று கேட்டேன். "வருது மேடம்" என்றார். இறங்கி வந்துவிட்டேன்.

மூன்றாவது வரிசை

காலேஜ் டே அன்று ஆடிட்டோரியத்தில் ஃபேன் சத்தமும் பிள்ளைகள் சத்தமும் போட்டி போட்டன. மூன்றாவது வரிசையில் சாலமன், பக்கத்தில் நான், அந்தப் பக்கம் என் கணவர். சாலமன் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். பாதை ஓர சீட்டாகப் பார்த்து எடுத்திருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

மேடையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் சேர். மெர்சி வந்தாள். தொப்பி இல்லை, துண்டு இல்லை. சேரைத் தூக்கினாள், போட்டாள், உள்ளங்கையால் துடைத்தாள். ரங்கநாதனாக உட்கார்ந்து "கோரம் இருக்கா, போதுமான ஆள் வந்தாச்சா?" என்றதுமே அரங்கம் அவள் கைக்குள் வந்துவிட்டது. வாட்ச்மேனுக்கு விசில். ஐடி பையன் மீட்டிங்கிலும் மியூட்டில் இருந்ததற்குக் கைதட்டல். சாலமன் சிரிக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

டேங்க் வந்தது. சேரைப் பிடித்தபடி, அப்பாவின் குரலில், "சார், போர்ல தண்ணி இருக்கு. மேல டேங்க்ல விரிசல். நான் ஏறிப் பாத்தேன்" என்றாள். என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். நுனியிலிருந்து நகர்ந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு பி-2. மெர்சி மூக்கைத் தூக்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு இருப்பீங்க, நாளைக்குக் காலி பண்ணிட்டுப் போவீங்க. உங்களுக்கு எதுக்கு சார் டேங்க் கவலை?"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. நான் கற்றுக்கொடுத்த எல்லாமே அதில் இருந்தது. மெர்சி சாலமனாக மாறி, சேரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். சிரிப்பு குறைந்தது. இன்னும் நின்றாள். யாரோ ஒரு பையன் மட்டும் சிரித்து, அவனும் நிறுத்தினான். ஃபேன் சத்தம் கேட்டது. அப்புறம்தான் அவள் குனிந்து சேரைப் போட்டாள், பி-2 உட்காருவதற்கு.

என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை நாள் வராத வார்த்தை அந்த இருட்டில் வந்துவிட்டது. சாலமன் பக்கம் சாய்ந்து, "சார், அன்னிக்கு அதைச் சொன்னது நான்தான். என்னை மன்னி..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாதீங்க மேடம்" என்றார் சாலமன், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொண்ணு நடிக்கிறா."